மருந்தடும் பெண்டுகள் முதல் பி.எஸ்சி. நர்சிங் வரை

அரியலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், சிதம்பரத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையும் சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த மீன்சுருட்டி, முதலாம் இராசேந்திரன் நிறுவிய கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. அந்தத் தலைநகரிலிருந்து ஆண்ட வீரராசேந்திரனின் காலத்தில், பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பாலாற்றங்கரையிலுள்ள திருமுக்கூடல் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, தமிழகத்தில் நோயாளர் பராமரிப்புக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான பழஞ்சான்றுகளுள் ஒன்றாகும். கோயிலைச் சார்ந்து இயங்கிய, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையை, அதாவது நோயுற்றோர் தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தை, அக்கல்வெட்டு விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர் ஆகியோருடன் நோயாளிகளுக்கு மருந்து அடும், அதாவது மருந்தைக் காய்ச்சிப் பக்குவப்படுத்திக் கொடுத்து அருகிருந்து கவனிக்கும், பெண்கள் இருவரும் அதில் இடம்பெறுகின்றனர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வகுத்த அந்த ஏற்பாடு, இப்பெண்களுக்கு 30 கலம் நெல்லும் ஒரு காசும் வகுத்திருந்தது.

ஊதியத்தை இவ்வளவு துல்லியமாகக் கூறும் கல்வெட்டு, அப்பெண்கள் தம் பணியை யாரிடம், எவ்வளவு காலம் கற்றார்கள் என்பதைக் கூறவில்லை. பராமரிப்பு என்பது பெண்ணுக்கு இயல்பாக வருவது, பார்த்துப் பழகினால் போதுமானது என்னும் எண்ணம் அந்த மௌனத்திற்குப் பின்னால் இருந்திருக்கலாம். அதே எண்ணம்தான் செவிலியக் கல்வியின் வரலாறு முழுவதும் தடையாக நின்றது என்பதால், இந்த மௌனம் கவனத்திற்குரியது.

‘செவிலி’ என்னும் சொல்லின் வரலாறும் இதனோடு இணைந்தது. அகப்பொருள் மரபில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தோழி அவளுடைய மகள் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். பெற்றவள் அல்லாதவள், ஆயினும் பெற்றவளுக்கு நிகரான பொறுப்பை ஏற்றவள் என்னும் அப்பொருளே, பின்னாளில் மருத்துவமனைப் பணிக்குரிய கலைச்சொல்லாக அதனைத் தமிழ்நாட்டில் ஏற்கச் செய்தது. இலங்கைத் தமிழர் ‘தாதி’ என்னும் சொல்லையே இன்றும் வழங்குகின்றனர். தமிழ்நாட்டு மக்கள் பேச்சிலோ நர்சம்மா, சிஸ்டர் என்பவையே நிலைத்திருக்க, ஆண் செவிலியர் பல மருத்துவமனைகளில் ‘பிரதர்’ என அழைக்கப்படுகின்றனர்.

ஊர்ப்புறங்களில் பேறு பார்க்கும் பொறுப்பு நெடுங்காலம் மருத்துவச்சியிடமே இருந்தது. பெரும்பாலும் நாவிதர் குடியைச் சேர்ந்த இப்பெண்களின் அறிவு தாயிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறியது. நடு இரவிலும் அழைப்பை ஏற்று வந்து, நெல்லும் புடவையும் பெற்றுச் சென்ற அவர்களைத் திண்ணைக்கு வெளியிலேயே நிறுத்திய சாதி வழக்கம், அவர்கள் அறிவைக் கல்வியாக எண்ணவே இல்லை. காலனிய ஆட்சி வேறொரு வழியில் இதே துறைக்குள் நுழைந்தது. 1844-ல் தொடங்கப்பட்டுப் பின்னர் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையாக வளர்ந்த நிறுவனத்தைச் சார்ந்து, 1854-ல் பேறுகாலப் பணிப்பெண்களுக்கான பயிற்சிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-ல் நான்கு மாணவியருடன் பயிற்சி தொடங்கியதாகச் செவிலியக் கல்வி வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

இவற்றுள் பிந்திய பயிற்சிக்கு முன்மாதிரியாக அமைந்தது, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் நிறுவிய பள்ளியின் முறையாகும். ஒழுங்கும் தூய்மையும் கண்காணிப்பும் கொண்ட தொழிலாக நோயாளர் பராமரிப்பை உயர்த்தியது அம்முறையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பரவிய இடங்களிலெல்லாம் பயிற்சிப் பள்ளி மருத்துவமனையின் உடைமையாகவே இருந்ததால், மாணவி என்பவள் வார்டில் வேலை செய்து அதன் ஊடாகக் கற்பவளாகவும், ஆள் பற்றாக்குறை ஏற்படும்போதெல்லாம் வகுப்பை விட்டு டியூட்டிக்கு அனுப்பப்படுபவளாகவும் ஆனாள். கற்பவளா, உழைப்பவளா என்னும் கேள்விக்கு மருத்துவமனைப் பள்ளி தெளிவான விடை தரவில்லை. செவிலியத்திற்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்ற கோரிக்கை அந்தக் குழப்பத்திலிருந்தே பிறந்தது.

தமிழகத்தில் அக்கோரிக்கை வடிவம் பெற்ற இடம் வேலூர். இராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர், 1902-ல் வேலூரில் பெண்களுக்கான மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். மருத்துவர் ஒருவரால் மட்டும் மருத்துவமனை இயங்காது என்பதை விரைவிலேயே உணர்ந்ததன் விளைவாக, 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி அங்கே தொடங்கியது. பெண் மருத்துவர்களுக்கான பள்ளி வேலூரில் 1918-ல்தான் தோன்றியது என்பதால், அவ்வூரில் செவிலியக் கல்வி மருத்துவக் கல்விக்கு மூத்தது. மாணவியர் கிடைப்பது அக்காலத்தில் எளிதாக இல்லை. அயல் ஆணின் உடலைத் தொடுவது, மலமும் சீழும் துடைப்பது, இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவது ஆகிய மூன்றுமே சாதி இந்துக் குடும்பங்களுக்கு ஏற்கவியலாதவையாக இருந்தன. எனவே தொடக்கத் தலைமுறைகளில் கிறித்தவப் பெண்களும், ஆதரவற்றோரும், இளம் விதவையருமே பெருமளவில் இத்தொழிலுக்கு வந்தனர். இழிவு என்று சமூகம் ஒதுக்கிய வேலையை அறிவுத்துறையாக நிலைநிறுத்தியவர்கள் அவர்களே. அவர்களுள் மிகப் பலருடைய பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. 1926-ல் சென்னை மாகாணம் இயற்றிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் சட்டம், பயிற்சி பெற்றவரின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்றும் முறையைக் கொண்டுவந்து, அத்தொழிலுக்குச் சட்டத்தின் முன் ஓர் உருவத்தை அளித்தது.

1946-ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். சர் ஜோசப் போர் தலைமையிலான நலவாழ்வு ஆய்வுக்குழு அவ்வாண்டில் அளித்த அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருக்க, செவிலியரோ 43,000 பேருக்கு ஒருவரே இருந்ததையும், நாடு முழுவதும் அவர்களின் எண்ணிக்கை 7,000 அளவில் நின்றதையும் எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் தில்லியிலும் வேலூரிலும் இந்தியாவின் முதல் இரு செவிலியப் பட்டப்படிப்புகள் தொடங்கப்பட்டன. தில்லிக் கல்லூரி பின்னாளில் முதல் நலவாழ்வு அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரைப் பெற, வேலூர்க் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கியது. நைட்டிங்கேலின் நாடான பிரிட்டனில், எடின்பரோ பல்கலைக்கழகம் முதல் செவிலியப் பட்டப்படிப்பைத் தொடங்கியது 1960-ல்தான் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பயிற்சிமுறையை அங்கிருந்து பெற்ற நாடு, பட்டம் என்னும் படியில் பதினான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

பல்கலைக்கழகத்திற்குள் வந்ததால் மாறியது சான்றிதழின் பெயர் மட்டும் அன்று. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், சமூகவியல் ஆகியவை தனித்தனிப் பாடங்களாயின. செவிலியம் வழங்கும் பராமரிப்பு, மருத்துவரின் ஆணையை நிறைவேற்றுவதோடு முடியாமல், நோயாளியை ஆராய்ந்து, தேவையைக் கண்டு, திட்டமிட்டு, செய்து, விளைவை மதிப்பிடும் ஐந்து படிநிலைகள் கொண்ட செயல்முறையாகப் பிற்காலத்தில் வகுக்கப்பட்டது. மாணவியர் இரவெல்லாம் விழித்து எழுதும் ‘கேர் பிளான்’ என்பது அதன் எழுத்து வடிவமே. இந்திய செவிலியர் மன்றச் சட்டம் 1947-ல் இயற்றப்பட்டபின் நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டம் உருவானது. ஆயினும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பே பல பத்தாண்டுகள் பெருவழக்காக இருந்தது. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, தனியார் கல்லூரிகள் பெருகிய பின்னரே, சிற்றூர்க் குடும்பங்களுக்குப் பட்டப்படிப்பு எட்டும் தூரத்திற்கு வந்தது.

மீன்சுருட்டி வட்டாரத்திற்கு இம்மாற்றம் தாமதமாகவே வந்து சேர்ந்தது. கொள்ளிடக் கரையில் நெல்லும் கரும்பும், ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரியும் விளையும் இப்பகுதி, நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தொலைதூர மூலையாக இருந்து, 1995-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் சேர்ந்து, 2007-ல் நிலையான அரியலூர் மாவட்டத்திற்குள் அமைந்தது. அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்ததே 2022 சனவரியில்தான். மருத்துவம் படிக்க விரும்பி, நீட் தேர்வின் காரணமாக 2017-ல் உயிர்நீத்த குழுமூர் மாணவி அனிதாவின் பெயர் அதன் அரங்கிற்குச் சூட்டப்பட்டுள்ளது. மருத்துவப் படிப்புக்கு நீட் வாயிலாகிவிட்ட நிலையில், தமிழ்நாட்டில் செவிலியப் பட்டப்படிப்பின் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது என்பதும், இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்ற ஊரகப் பிள்ளைகளுக்கு அதுவே நலவாழ்வுத் துறையின் பரந்த கதவாக உள்ளது என்பதும் இவ்வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டவை.

நான்காண்டுப் படிப்பு 2021-22 முதல் எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, இறுதிப் பருவம் உள்ளிருப்புப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. முதலாண்டிலேயே விளக்கேற்றி உறுதிமொழி எடுத்து வார்டுக்குச் செல்லும் மாணவருக்கு, தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு ஆங்கிலத்தில் உடற்கூறியலைச் சந்திப்பதே முதல் பெருஞ்சுவராகிறது. அச்சுவரைத் தாண்டும் பிள்ளைகளின் உழைப்பை மதிப்பெண் பட்டியல் காட்டுவதில்லை. ஆனால் அதே தமிழ் பலமாக மாறும் இடமும் படிப்பிற்குள்ளேயே இருக்கிறது. ‘கம்யூனிட்டி போஸ்டிங்’ எனப்படும் சமூக நலப் பயிற்சியில், மாணவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று, குடும்ப விவரம் குறித்து, இரத்த அழுத்தம் பார்த்து, கருவுற்ற பெண்ணுக்கும் சர்க்கரை நோயுள்ள முதியவருக்கும் உணவு முறை விளக்குகின்றனர். அங்கே ஆங்கிலப் பாடநூலின் செய்தியை ஊர்த்தமிழில் சொல்லத் தெரிந்தவரே திறமையானவர்.

படிப்பு உயர்ந்த அளவுக்கு ஊதியம் உயரவில்லை என்பது இவ்வரலாற்றின் ஆறாத பகுதி. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாயே தொகுப்பூதியமாக வழங்கப்பட்டது; பணி நிரந்தரமும் சமவேலைக்குச் சம ஊதியமும் கோரி அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினர். கடன் வாங்கிப் படித்த பலர், தனியார் மருத்துவமனைச் சம்பளத்தில் கடன் அடையாது என்பதை உணர்ந்து, ஆங்கிலத் தேர்வோ செர்மன் மொழித் தேர்வோ எழுதி வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கின்றனர்.

1947-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாகத் தேசிய செவிலியம் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் 2023-ல் வந்துள்ளது. பட்டம் பெற்றவர் மாநிலப் பதிவேட்டில் தம் பெயரை ஏற்றும்போது, செவிலியர் என்று ஒருமுறையும் பேறுகாலப் பணியாளர் என்று மறுமுறையுமாக இரண்டு தகுதிகளில் பதிவு பெறுகிறார். பெயருக்குப் பின்னால் அவர் எழுதிக்கொள்ளும் ஆர்.என்., ஆர்.எம். என்னும் எழுத்துகளுள் இரண்டாவது, திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மருத்துவச்சியின் தொழிலைக் குறிப்பது.