சுவருக்குள் போன குழாய்

குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஏறியது தண்ணீரைத் தடுக்கத்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தின் கதையைப் பார்த்தால், தண்ணீரைவிடக் குழாயைப் பற்றிய அச்சமே அதை முன்னே தள்ளியது என்று எனக்குப் படுகிறது. விக்டோரியா காலத்து வசதியான வீடுகளில் குளியல் தொட்டியும் வாஷ்பேசினும் கழிப்பறைக் கோப்பையும் மஹோகனிப் பலகைப் பெட்டிகளுக்குள் அடைபட்டிருந்தன. சுவரில் வண்ணக் காகிதம், தரையில் கம்பளம். பலகைக்குப் பின்னால் ஈயக் குழாய் கசிந்தாலும் யார் கண்ணிலும் படாது. 1871-இல் ஸ்கார்பரோவில் ஒரு பிரபுவின் மாளிகையில் தங்கித் திரும்பிய வேல்ஸ் இளவரசர் டைஃபாய்டில் படுத்துச் சாவின் விளிம்புவரை போனார். உடன் தங்கிய செஸ்டர்ஃபீல்டு பிரபு இறந்தே போனார். பழி அந்த வீட்டுச் சாக்கடைமேல் விழுந்தது. சாக்கடை வாயு மாளிகைவாசிகளையும் கொல்லும் என்ற பீதியில், பலகைப் பெட்டிகளைப் பெயர்த்தெறியும்படி சுகாதார அறிஞர்கள் வற்புறுத்தினார்கள். 1880-களில் டுவைஃபோர்டு போன்ற பீங்கான் உற்பத்தியாளர்கள் மரப்பெட்டியே தேவைப்படாத முழுப் பீங்கான் கோப்பைகளைச் செய்தார்கள். குழாய் வெளியே வந்தது. அதன் பின்னாலிருந்த சுவரும் வெளியே தெரிந்தது. அதைத் துடைத்துச் சுத்தமாக வைத்தாக வேண்டியிருந்தது; அதற்கு டைல்ஸ் வந்தது.

விலை குறைந்ததால் டைல்ஸ் பரவியது, அவ்வளவுதான் என்று ஒருவர் மறுக்கலாம். விலையும் ஒரு காரணம்தான். ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. உலர்ந்த களிமண் தூளை அச்சில் அழுத்தும் முறைக்கு ரிச்சர்ட் பிராசர் காப்புரிமை பெற்றது 1840-இல். பீங்கான் உற்பத்தியாளர் ஹெர்பர்ட் மின்டன் உடனே அதை டைல்ஸுக்குக் கொண்டுவந்தார். ஈரக் களிமண் போல இது சுருங்கிக் கோணுவதில்லை. ஆகவே ஜாயின்ட் மெல்லியதாக அமைந்தது, அழுக்கு தங்கும் இடமும் குறைந்தது. 1858-இல் வின்ட்சரில் கட்டத் தொடங்கிய அரச பால்கூடத்தின் சுவர்களை மின்டன் டைல்ஸ் மூடியது. பால் கெட்டுவிடும் என்ற கவலை இருந்த இடத்துக்கு டைல்ஸ் முதலில் போயிற்று. குளியலறையில் அந்தக் கவலை பிறக்கும்வரை அங்கே காகிதமே இருந்தது. டைஃபாய்டைப் பரப்புவது அசுத்தமான நீரும் உணவும், வாயு அல்ல என்பது பின்னர் உறுதியானது. காரணம் பிழைதான், ஆனாலும் கசிவு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்ற விதி அதனால் பொய்யாகவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அந்த விதியையே கைவிட்டார்கள். சுவரில் காடி வெட்டிக் குழாயைப் பதித்து, மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். 1964-இல் கெபெரிட் நிறுவனம் ஃப்ளஷ் தொட்டியையும் சுவருக்குள் அனுப்பியது. பழைய மஹோகனிப் பலகையின் வேலையை இப்போது டைல்ஸ் செய்கிறது. ஃப்ளஷ் பட்டன் தகட்டைக் கழற்றினால் தொட்டிக்குள் கைவிடலாமே என்பார்கள். உண்மை, ஆனால் ஷவர் குழாயின் எல்போவுக்கு அப்படி எந்த வாசலும் இல்லை. குழாய் வெளிவரும் இடத்தில் டைல்ஸில் துளை போடுகிறார்கள். துளை எவ்வளவு பிசிறாக இருந்தாலும் பளபளக்கும் பிளான்ஜ் வளையம் அதை மூடிவிடும். துளைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியை சிலிக்கானால் அடைக்காவிட்டால் தெறிக்கும் நீர் உள்ளே இறங்கும். சாதாரண சிமென்ட் கிரவுட்டும் நீரை உறிஞ்சும். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்குப் பின்னால் பூசும் வாட்டர்புரூஃபிங்தான். அது இல்லாத சுவரில் டைல்ஸ் வெறும் மூடிதான். கசிவு முதலில் தெரிவது அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் பொரிந்து உதிரும்போதுதான்.