பிடிப்பு நேரம்: தொலைபேசி இணைப்பகத்தில் நினைவகக் கசிவைத் தேடிய வரலாறு

இணையவழித் தொலைபேசிச் சேவையகம் ஒன்றைச் சுமைச் சோதனைக்கு உட்படுத்தும்போது, அதாவது மெய்யான பயனர்களுக்குப் பதிலாக ஒரு நிரலே நொடிக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகளை அதன்மேல் ஏவி அதன் தாங்குதிறனை அளக்கும்போது, பொறியாளர்களைக் கலவரப்படுத்துவது பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும் நினைவகப் பயன்பாடுதான். அந்த ஏற்றத்தைக் கண்டவுடன் அதற்கு நினைவகக் கசிவு என்று பெயர் சூட்டிவிடுவது துறையின் பழகிப்போன வழக்கம். நிரலானது இயக்கத்தளத்திடம் கேட்டுப் பெற்ற நினைவகத் துண்டை வேலை முடிந்த பின்னும் திருப்பிக் கொடுக்காமல், பல நேரங்களில் அதன் முகவரியையே தொலைத்துவிட்டு நிற்பதுதான் கசிவு. ஆனால் ஏறுவதெல்லாம் கசிவாகிவிடாது. எது நியாயமான பிடிப்பு, எது விடுபடாத பிடிப்பு என்று பிரித்தறிவதே இந்தத் தேடலின் முக்கால் பங்கு வேலை. அந்தப் பிரித்தறிதலின் வேர் கணினியைவிடப் பழையது.

டென்மார்க்கின் கணிதவியலாளர் ஆக்னர் க்ராருப் எர்லாங் 1908-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். குவிவுச் சார்புகள் பற்றிய சமனின்மையால் கணித உலகில் இன்றும் நினைக்கப்படும் யோகான் யென்சன் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தார். எர்லாங்கை அங்கே கொண்டுவந்தவரும் அவரே. ஓர் ஊரில் எத்தனை இணைப்புக் கம்பிகள் போட்டால் அழைப்பவர்களில் எத்தனை பேருக்குக் கம்பி கிடைக்காமல் போகும் என்ற, பார்வைக்கு முழுக்க வணிகக் கணக்காகத் தோன்றும் கேள்விக்கு எர்லாங் 1909-இலும் 1917-இலும் வெளியிட்ட கட்டுரைகள் விடையளித்தன. அந்த விடையின் அடித்தளம் எளியது: ஓர் அலகு நேரத்தில் வரும் அழைப்புகளின் எண்ணிக்கையை, ஒவ்வோர் அழைப்பும் கம்பியைப் பிடித்து வைத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால், சராசரியாக ஒரே வேளையில் பிடிபட்டிருக்கும் கம்பிகளின் எண்ணிக்கை கிடைக்கும். மணிக்கு 120 அழைப்புகள் வந்து ஒவ்வொன்றும் 3 நிமிடம் நீடித்தால், எந்த நேரத்திலும் சராசரியாக 6 கம்பிகள் பிடிபட்டிருக்கும். அந்த 6 என்னும் அளவுக்கு ‘6 எர்லாங்’ என்று பெயரிடும் வழக்கத்தைப் பன்னாட்டுத் தொலைபேசிக் குழு 1946-இல் ஏற்றுக்கொண்டது. கம்பி என்ற இடத்தில் நினைவகத் துண்டு என்று எழுதிக்கொண்டால், இன்றைய சேவையகத்துக்கும் அதே பெருக்கல்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் சுமைச் சோதனையின் வரைபடத்தைப் படிப்பவர் ஏறுகோட்டை மட்டுமே காண்பார், அது எங்கே நிற்க வேண்டும் என்பதை அறியமாட்டார்.

எர்லாங்கின் காலத்துத் தானியங்கி இணைப்பகங்களில், குறிப்பாக 1892-இல் அமெரிக்காவின் லா போர்ட் நகரில் முதலில் நிறுவப்பட்ட ஸ்ட்ரோஜர் வகை இயந்திரங்களில், ஓர் அழைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி தனியாக எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. படிப்படியாக ஏறித் திரும்பும் உலோகக் கையின் நிலையே அந்தச் செய்தி. அழைப்பு முடிந்தும் கை தன் இடத்துக்குத் திரும்பாவிட்டால், பழுது பார்ப்பவர் அதைக் கண்ணால் பார்க்கலாம். அழைப்பின் நிலையை நினைவகத்தில் எழுதிவைக்கும் முறை வந்தபோதுதான் இந்தப் பிடிப்பு கண்ணுக்குத் தெரியாததாயிற்று. நியூ ஜெர்சி மாநிலத்தின் சக்கசன்னா என்னும் சிற்றூரில் 1965 மே 30 அன்று இயங்கத் தொடங்கிய பெல் நிறுவனத்தின் முதல் எண் மின்னணு இணைப்பகம், நிரலை ஓரிடத்திலும் நடந்துகொண்டிருக்கும் அழைப்புகளின் விவரத்தை ‘அழைப்புக் கிடங்கு’ என்ற ஃபெரைட் தகட்டு நினைவகத்திலும் வைத்திருந்தது. நாற்பது ஆண்டுகளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குமேல் நின்றுவிடக் கூடாது என்பது அதன் வடிவமைப்பு இலக்கு.

அந்த இலக்குக்காகப் பெல் பொறியாளர்கள் கைக்கொண்ட வழி இன்றும் படிப்பினைக்குரியது. நிரலில் பிழை இருக்கவே செய்யும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, ‘தணிக்கை நிரல்கள்’ என்ற துணைநிரல்களை அவர்கள் எழுதினார்கள். இவை ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அழைப்புக் கிடங்கைச் சுற்றிவந்து, பிடிபட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தும் எந்த அழைப்புக்கும் சொந்தமில்லாத பதிவேடுகளைக் கண்டுபிடித்து, மீண்டும் பொதுக் குவியலில் சேர்த்தன. கசிவைத் தடுப்பதைவிடக் கசிந்ததை அள்ளிக்கொள்வதே இயங்கும் இணைப்பகத்துக்கு முதற்கடமை என்ற அந்தக் கொள்கையை, பிந்தைய தலைமுறை நிரலாளர்கள் சற்று ஏளனத்தோடு பார்த்தது உண்டு. ஆனால் அவர்களின் சேவையகங்களை இரவுதோறும் நிறுத்தித் தொடங்கும் வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால் அந்த ஏளனம் பொருந்தாது. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986 முதல் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய, எர்லாங் என்றே பெயரிடப்பட்ட நிரல்மொழி இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே ஒவ்வோர் அழைப்பையும் தனிச் செயல்முறையாக எழுதலாம். செயல்முறை ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். செயல்முறை முடிந்தால் அதன் நினைவகம் முழுவதும் ஒருசேர விடுபடும்.

இணையவழித் தொலைபேசி இந்த மரபுகளில் எதையும் பெரிதாகத் தனதாக்கிக் கொள்ளவில்லை. அது சி மொழியில், பல்கலைக்கழகங்களிலும் சிறு நிறுவனங்களிலும் எழுதப்பட்ட திறமூல நிரல்களாக வளர்ந்தது. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இரு முனைகள் பேசிக்கொள்ளும் முறையான எஸ்.ஐ.பி. நெறிமுறை முதலில் 1999-இலும், பின்னர் ஆர்.எஃப்.சி. 3261 என்ற ஆவணமாக 2002 ஜூனிலும் வெளியானது. அந்த ஆவணத்தில் நினைவகக் கசிவைத் தேடுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதன் நேரக்கணக்குப் பகுதியே. யு.டி.பி. என்ற அனுப்புமுறை வழியாகச் செல்லும் செய்திகள் வழியில் தொலையக்கூடும் என்பதால், விடை அனுப்பியாயிற்று என்று ஒரு சேவையகம் அந்தப் பரிமாற்றத்தை உடனே மறந்துவிடக் கூடாது. மறுமுனை அதே கேள்வியை மீண்டும் அனுப்பினால் அதே விடையைக் கொடுக்க வேண்டும். அதற்காக அரை நொடி என்ற அடிப்படைக் கால அலகை 64-ஆல் பெருக்கி, 32 நொடிகள் வரை முடிந்துபோன பரிமாற்றத்தை வைத்திருக்குமாறு தரநிலை பணிக்கிறது. நொடிக்கு 100 அழைப்புகள் ஏவப்படும் சோதனையில், அழைப்பை முடிக்கும் ‘பை’ செய்திக்கான பரிமாற்றங்கள் மட்டுமே 3,200 என்ற எண்ணிக்கையில், முடிந்தும் முடியாமல் நினைவகத்தில் நிற்கும். அழைப்பு ஒவ்வொன்றும் 180 நொடி நீடிப்பதாக வைத்துக்கொண்டால், நடப்பிலுள்ள அழைப்புகள் 18,000. ஆகவே அந்தச் சோதனையில் நினைவகம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம் வரை ஏறியே தீர வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கசிவு என்று அறிக்கை எழுதுபவர், எர்லாங் 1909-இல் தீர்த்துவைத்த கேள்வியில் தடுக்கி விழுகிறார்.

பெர்லினின் ஃபிரான்ஹோஃபர் ஃபோக்கஸ் ஆய்வு நிலையத்தில் 2001-இல் தொடங்கப்பட்ட எஸ்.ஐ.பி. எக்ஸ்பிரஸ் ரூட்டர் என்ற நிரல், பின்னாளில் ஓப்பன்செர் என்றும் 2008 முதல் கமைலியோ, ஓப்பன்சிப்ஸ் என்ற இரு கிளைகளாகவும் தொடர்ந்தது. அது நினைவகத்துக்கு ஒரு கறாரான ஏற்பாட்டைச் செய்துகொண்டது. ஒரே வேலையைப் பல செயல்முறைகள் பங்கிட்டுச் செய்வதால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பகுதியும் ஒவ்வொன்றுக்கும் தனியான ஒரு சிறு பகுதியும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டு, அவற்றை நிரலின் சொந்த நினைவக மேலாளரே பங்கிட்டது. பொதுப் பகுதி தீர்ந்தால் புதிய அழைப்பு மறுக்கப்படுமேயன்றி இயந்திரம் முழுவதும் திணறாது என்பது இதன் நன்மை. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவரை இந்த ஏற்பாடு இரண்டு வகையில் ஏமாற்றும். ஒதுக்கப்பட்ட பக்கத்தை யாரேனும் முதன்முறையாகத் தொடும்போதுதான் லினக்ஸ் அதற்கு மெய்யான நினைவகத்தைத் தருகிறது என்பதால், சோதனையின் தொடக்கத்தில் பயன்பாடு ஏறுவது போலத் தோன்றும். அது முன்பே எழுதித் தந்த நிலத்தில் குடியேறுவதேயன்றிப் புதிய ஆக்கிரமிப்பு அன்று. இரண்டாவதாக, ஒரே முற்றத்தைச் சுற்றிய ஒண்டுக்குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவரும் முற்றம் முழுவதையும் தம் கணக்கில் எழுதிக்கொள்வதைப் போல, ஒவ்வொரு செயல்முறையும் பொதுப் பகுதியைத் தன்னுடையதாகவே காட்டும். அவற்றைக் கூட்டினால் இயந்திரத்தில் இல்லாத நினைவகமும் செலவானதாக வரும்.

ஆஸ்டரிஸ்க் என்ற நிரல் வேறு வழியில் சென்றது. மார்க் ஸ்பென்சர் 1999-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் எழுதத் தொடங்கிய இந்நிரல், ஒரே செயல்முறைக்குள் பல இழைகளாக, அதாவது ஒரே நினைவகத்தைப் பகிர்ந்தபடி இணையாக ஓடும் கட்டளைத் தொடர்களாக, அழைப்புகளைக் கவனிக்கிறது. ஒரு பொருளைப் பல இழைகள் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால், அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணை அதன்மேலேயே எழுதி, பிடிப்பவர் ஒன்று கூட்டியும் விடுபவர் ஒன்று குறைத்தும், எண் சுழியமானதும் அதை அழிக்கும் முறை படிப்படியாக அதில் நிலைபெற்றது. இதில் நேரும் கசிவு மிக நயமானது. மறுமுனை எடுப்பதற்குள் அழைத்தவர் வைத்துவிடுதல் போன்ற ஒரு பக்கவழியில், ஒரே ஓர் இடத்தில் குறைக்க மறந்தால் போதும். பொருள் ஒரு பட்டியலில் பத்திரமாக இருக்கும், அதன் முகவரியும் தெரியும், ஆனால் அது ஒருபோதும் அழியாது. முகவரி தொலைந்த துண்டுகளை மட்டுமே கசிவாக எண்ணும் கருவிகள் இதைக் குற்றமாகக் காட்டா. அதனால்தான் ஆஸ்டரிஸ்கை எழுதியவர்கள் ஒவ்வொரு கூட்டலையும் குறைத்தலையும் கோப்புப் பெயரோடும் வரி எண்ணோடும் பதிவு செய்யும் தனி வசதியை அதற்குள்ளேயே அமைத்தார்கள். சுமை ஏவும் நிரல்களில் பரவலாகப் பயன்படும் எஸ்.ஐ.பி.பி. அமைதியான, முறையாக எடுக்கப்பட்டு முறையாக வைக்கப்படும் அழைப்புகளையே தன் இயல்புக் காட்சியாக வைத்திருப்பதால், அந்தப் பக்கவழியை அது மிதிப்பதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நிரலில் பிழையே இல்லாதபோதும் நினைவகம் இறங்காமல் நிற்கலாம். நிரலுக்கும் இயக்கத்தளத்துக்கும் நடுவே நின்று துண்டுகளைப் பங்கிடும் மாலாக் என்ற இடைத்தரகர், நிரல் திருப்பித் தந்ததையெல்லாம் உடனே இயக்கத்தளத்துக்கு அனுப்புவதில்லை; அடுத்துக் கேட்பவருக்காகக் கைவசம் வைத்துக்கொள்கிறார். லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் கிளிப்சி நூலகத்தின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், இழைகள் ஒன்றையொன்று தடுக்காதிருக்க அவற்றுக்குத் தனித்தனிக் களங்கள் கொடுக்கப்படுகின்றன. 64 பிட் இயந்திரத்தில் களங்களின் உச்சவரம்பு செயலிக் கருக்களின் எண்ணிக்கையைப் போல் 8 மடங்கு. 16 கருக்கள் கொண்ட இயந்திரத்தில் அது 128. களத்துக்கு 64 மெகாபைட் என்ற கணக்கில் முகவரி இடம் ஒதுக்கப்படுவதால், 8 ஜிகாபைட் பிடிபட்டதாக ஓர் எண் திரையில் தோன்றும். மெய்யாகச் செலவானது அதில் சிறு பங்காக இருக்கலாம். களங்களின் எண்ணிக்கையை ஒரு சூழல் மாறியால் குறைத்து அதே சோதனையை மீண்டும் நடத்துவது, நிரலின் ஒரு வரியைக்கூட மாற்றாமல் குற்றவாளி யார் என்பதைக் காட்டிவிடும். எத்தனையோ கசிவு அறிக்கைகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

ஜூலியன் சீவார்ட் 2002-இல் வெளியிட்ட வால்கிரைண்ட், ஒவ்வொரு நினைவகத் தொடுகையையும் கண்காணித்து, விடப்படாத துண்டு எந்த வரியில் பிறந்தது என்று சொல்லும் கருவி. சாதாரண நிரல்களுக்கு அது வரப்பிரசாதம். தொலைபேசிச் சேவையகத்துக்கு அது இரட்டை முனைக் கத்தி. அதன்கீழ் நிரல் ஏறத்தாழ 20 முதல் 30 மடங்கு வரை மெதுவாகிறது. மறுமுனையோ அரை நொடிக்குள் விடை வராவிட்டால் செய்தியை மீண்டும் அனுப்புகிறது, பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி என்று இடைவெளியை இரட்டித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கருவியின் மந்தத்தால் உண்டான இந்த மீளனுப்பல்கள் சேவையகத்தின்மேல் புதிய சுமையாக விழ, அளக்கப்படுவது முதலில் அளக்க எண்ணிய சோதனையே அன்று என்றாகிவிடும். ஆகவே வால்கிரைண்டின்கீழ் நொடிக்கு ஓரிரு அழைப்புகளை மட்டும் நெடுநேரம் ஓட்டுவதும், முழுச் சுமைக்குச் சேவையகத்தின் சொந்தப் பதிவு வசதிகளை நம்புவதும் நடைமுறையில் நிலைத்தன.

சுமையை ஏற்றும் நேரத்தைவிட, சுமையை நிறுத்திய பிறகு வரும் வெறுமையான நேரமே தேடலில் அதிகம் பேசுகிறது. அழைப்புகள் அனைத்தும் முடிந்து 32 நொடிகளும் கடந்த பின் சேவையகத்தின் உள்கணக்கு தொடக்க நிலைக்குத் திரும்பினால் கசிவில்லை. அதே சுமையை இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஏற்றி இறக்கும்போது அடிக்கோடு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு உயர்ந்தால் கசிவு உண்டு. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சோதனையை அவசரமாக முடிக்க எண்ணி, சுமை ஏவும் நிரலை நடுவிலேயே கொன்றுவிட்டால், ஆயிரக்கணக்கான அழைப்புகளுக்கு ‘பை’ செய்தி வராமலே போகும். இரு முனைகளின் உரையாடலையும் நினைவில் வைக்கும் சேவையகம் அவை இன்னும் நடப்பதாகவே நம்பும். மெய்யான வலைப்பின்னலிலும் மின்வெட்டால் இப்படி நேர்வதால், உரையாடல் உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது உறுதிசெய்யும் ‘அமர்வுக் கடிகாரம்’ என்ற முறையை 2005-இல் ஆர்.எஃப்.சி. 4028 வகுத்தது, பரிந்துரைக்கப்பட்ட இடைவெளி 1,800 நொடி. சக்கசன்னாவின் தணிக்கை நிரல் செய்த வேலையை நெறிமுறையே ஏற்றுக்கொண்டதாக இதைக் கருதலாம், ஆனால் அது இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே. கமைலியோவின் உரையாடல் பகுதியில் இயல்பாக அமைந்திருக்கும் காலவரம்பு 43,200 நொடி. எனவே கொல்லப்பட்ட சோதனையின் அழைப்புகள் அங்கே பன்னிரண்டு மணி நேரம் வரை நினைவகத்தில் நிற்கும், அவற்றைக் கசிவு என்று எண்ணி மறுநாள் காலைவரை நிரலின் வரிகளைத் துழாவுபவருக்கு அங்கே எந்தப் பிழையும் கிடைக்காது.