மாத்லா நோக்கிய பாதை

தென் கொல்கத்தாவில் வாழும் தமிழருள் டாக்குரியா நிலையத்தை அறியாதார் இலர். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நம்மவர்க்கு அது நன்கு பழகிய இடம். பாலிகஞ்சுக்கும் ஜாதவ்பூருக்கும் இடையே மின்வண்டி சற்றே நின்று செல்லும் சிறு நிலையம். அந்த இருப்புப்பாதை யாருக்காகப் போடப்பட்டது? டாக்குரியாவுக்காக அன்று. நிலைபெறாது போன ஒரு துறைமுகத்துக்காக!

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஹூக்ளி ஆறு மணல் மூடிக் கப்பல்கள் வர இயலாது போய்விடுமோ என்ற அச்சம் கல்கத்தா வணிகரைப் பற்றிக்கொண்டது. தென்கிழக்கே, ஏறத்தாழ இருபத்தெட்டு மைல் தொலைவில், ஆழமான மாத்லா ஆறு இருந்தது. அதன் கரையில் புதிய துறைமுகம் காண விரும்பினர். ஹென்றி பிடிங்டன் என்பார் 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அவ்விடத்தைப் புயலலை ஒருநாள் வாரிக்கொண்டு போகும் என எச்சரித்தார். புயலுக்குச் 'சைக்ளோன்' என்று பெயரிட்டவரே அவர்தாம். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

துறைமுகத்துக்குக் கானிங் பிரபுவின் பெயர் சூட்டப்பெற்றது. கல்கத்தா தென்கிழக்கு ரயில்வே கம்பெனியார் சதுப்பையும் வயலையும் கடந்து 1862-இல் சம்பாஹாட்டி வரையிலும், அடுத்த ஆண்டில் கானிங் வரையிலும் பாதை அமைத்தனர். துறைமுகக் கம்பெனியின் பங்குகள் ஏறின. ஏறிய வேகத்திலேயே சரிந்தன. 1867 நவம்பரில் புயல் வந்தது. ஏறத்தாழ ஆறடி உயர அலை ஊருக்குள் புகுந்தது. பிடிங்டன் இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1868-இல் ரயில்பாதையை அரசே ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது.

ரயில் கம்பெனிகள் ஊர்களையே படைத்த நாடுகளும் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பர்லிங்டன் கம்பெனியார் தம் பாதை நெடுக ஆங்கில அகரவரிசைப்படியே கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மாண்ட் என்று ஊர்களுக்குப் பெயரிட்டுக்கொண்டே சென்றனர். குழந்தைக்கு முன்னே பெயர் பிறந்த கதை! நம் நாட்டுப் பொன்மலையும் ரயில்வே திட்டமிட்டு எழுப்பியதே. நாகப்பட்டினத்துப் பணிமனை 1928-இல் அங்கே குடியேறியது. ஜோலார்ப்பேட்டையோ, பெங்களூர்க் கிளை 1864-இல் பிரிந்ததால் வளம்பெற்ற ஊர். டாக்குரியா இவ்விரு வகையிலும் சேராது. வண்டி அதை வேண்டவில்லை. அதன் வழியே சென்றது, அவ்வளவே.

எனினும், நோக்கம் மறைந்த பின்னரும் பாதை மறையவில்லை. சோனார்ப்பூரிலிருந்து டயமண்ட் ஹார்பருக்கும், பாலிகஞ்சிலிருந்து பஜ்பஜுக்கும் கிளைகள் நீண்டன. 1920-களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டார் இருப்புப்பாதைக்கு மேற்கே சேற்றுநிலத்தை அகழ்ந்து ஏரி கண்டனர். அகழ்ந்த மண் சுற்றுப்புறத்துத் தாழ்நிலங்களை உயர்த்தியது. டாக்குரியா ஏரி என்று நம் முதியோர் இன்றும் அழைக்கும் அதற்கு, 1958-இல் ரவீந்திர சரோவர் என்ற பெயர் வந்தது. மாலையில் அங்கே உலவுவோர் காலடியில் கிடக்கும் நிலமும் மனிதர் கொட்டிச் சமைத்ததே என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வீடிழந்து வந்தோர் சியால்தா நிலையத்தில் இறங்கினர். மேடைகளிலேயே நாட்கள் பல கழித்தோர் எத்தனையோ பேர். அவர்களுள் பலர் இத்தென்பாதையைப் பற்றிக்கொண்டு வந்து, கிடைத்த நிலத்தில் குடில் கட்டினர். ஜாதவ்பூரை அடுத்துக் கைவிடப்பட்டுக் கிடந்த இராணுவக் கொட்டகைகளில் பிஜய்கட் குடியிருப்பு எழுந்தது. வரைபடமும் பங்குத்தொகையும் வைத்திருந்தோரால் கானிங்கில் ஆகாதது, கையில் ஒன்றுமின்றி வந்தோரால் இங்கே ஆயிற்று. உத்தியோகத்தின் பொருட்டு வந்த நம் முன்னோர் அத்தகைய துன்பம் படவில்லை. பெட்டியும் படுக்கையும் நியமன உத்தரவும் அவர்களிடம் இருந்தன. அந்த வேற்றுமையை நாம் மறைப்பது நேர்மையாகாது.

இன்று கானிங்கிலிருந்து கப்பற்சரக்கு ஏதும் வருவதில்லை. விடிவதற்கு முன்னரே அங்கிருந்து புறப்படும் வண்டிகளில் மீன்கூடைகளும் காய்கறி மூட்டைகளும் வருகின்றன. வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள், நிற்கவும் இடமின்றி நெருக்குண்டு, பாலிகஞ்சிலும் டாக்குரியாவிலும் ஜாதவ்பூரிலும் இறங்குகின்றனர். ஏழு மணிக்கு நம் வீட்டு வாயிலில் குரல் கொடுக்கும் 'மாசி' பெரும்பாலும் அந்தப் பழைய துறைமுகப் பாதையில் வந்தவரே.