வேளாண்மையில் வெள்ளம் இல்லை

கல்லடியில் அண்மையில் நடந்த கிராம அபிவிருத்திக் கூட்டமொன்றில், வெள்ளத்தை ஆள்வதே வேளாண்மை என்று ஒருவர் சொல்ல, சபை கைதட்டியது. எனக்கு வயிறெரிந்தது. எத்தனை தரம் மறுத்தாலும் இந்தப் பிழை அடங்குவதில்லை.

வெள்ளம் குறில், வேளாண்மை நெடில். ளகரம் அங்கே இரட்டை, இங்கே ஒற்றை. தொல்காப்பியத்திலும் குறளிலும் நெடில் வடிவமே ஆட்சி. 'வெள்ளாமை' வாய்வழக்கில் பின்னால் திரிந்தது. திரிபைக் கொண்டு மூலத்தைத் திருத்துவது ஆராய்ச்சியன்று.

வேள் என்றால் விருப்பம். வேட்கை, வேண்டுதல், வேள்வி எல்லாம் அவ்வேரில் கிளைத்தவை. விரும்பிப் பிறர்க்கு உதவுவதே வேளாண்மை. 81ஆம் குறளில் பரிமேலழகர் உபகாரம் என்றே பொருள் கொண்டார். 613இலோ வள்ளுவர் தாளாண்மையை அருகே நிறுத்துகிறார்: முயற்சி உடையவனிடமே பிறர்க்குதவும் பெருமிதம் தங்கும். தாள்+ஆண்மை, வேள்+ஆண்மை, ஒரே வார்ப்பு. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

உதவி எப்படி நெல்லாயிற்று? மட்டக்களப்பு வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் தெரியும். 'வெள்ளாமை வெட்டியாச்சா?' என்று அங்கே கேட்டால் நெல்லைத் தவிர வேறெதையும் எவரும் நினையார். வட்டை என்னும் ஒரு வயற்பரப்பில் பலருக்குக் காணி. வாய்க்காலும் வேலியும் தனியொருவரால் காக்க முடியாதவை. ஆகவே காணியளவுக்கேற்ப ஆளாளுக்குப் பங்கு. மேற்பார்க்க, காணிக்காரர் தாங்களே தெரிவுசெய்யும் வட்டவிதானை. மேட்டுக் காணிக்காரன் நீரை விடாவிட்டால் பள்ளத்துக் காணி காயும். அயலான் உதவாமல் அங்கே நெல் இல்லை. ஆங்கிலேயர் கால ஆளுநர் வார்ட் 1856இல் கொண்டுவந்த நீர்ப்பாசனச் சட்டமும் இத்தகைய பழைய வழமைகளை மீட்கவே எழுந்தது.

உறவுச் சொல் உழைப்பின் பெயரானது தமிழில் மட்டுமல்ல. தன்சானியாவில் சனாதிபதி நியரேரே 1967இல் அரூஷாப் பிரகடனத்தில் தற்சார்பை முழங்கியபோது கையிலெடுத்த சொல் 'உஜமா'. குடும்ப உறவு என்பது அதன் பொருள். வேர் அரபு, பக்கத்துக் காத்தான்குடிப் பள்ளிவாசலில் வழங்கும் 'ஜமாஅத்'தும் அவ்வேர்தான். அங்கும் உறவைச் சுட்டிய சொல்லே ஊரின் உழைப்புக்குப் பெயராயிற்று.

கூட்டத்துப் பதாகையில் 'சமூக வலுவூட்டல்' என்றிருந்தது. அதற்குரிய தமிழ் படுவான்கரை வயலில் விளைந்து நிற்கிறது. அது வேளிலிருந்து வந்தது, எனக்கு ஐயமில்லை.