வைத்தியநாதர் சந்நிதி: நோயும் வரலாறும்

தன் தெய்வத்தை மருத்துவன் என்று அழைத்த ஒரு சமுதாயம், நோயின் கொடுமையை நன்கு அறிந்த சமுதாயமாகவே இருந்திருத்தல் வேண்டும். சோழ நாட்டிலே, சீர்காழிக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே அமைந்துள்ள வைத்தீசுவரன் கோயிலை வரலாற்று மாணவன் இந்த நோக்கிலே அணுகுதல் தகும். பக்தனுக்கு அது நோய் தீர்க்கும் தலம். அந்நம்பிக்கையை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. அது எந்த மண்ணில் வேரூன்றியது, யாருடைய துயரத்தால் வளர்ந்தது என்பதே எமது வினா.

இத்தலத்தின் பழம்பெயர் புள்ளிருக்குவேளூர். புள்ளாகிய சடாயு, இருக்கு வேதம், முருகவேள், ஊர் என்னும் பெயருடைய ஞாயிறு ஆகிய நால்வரும் வழிபட்டமையால் இப்பெயர் வந்ததெனத் தலபுராணம் கூறும். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பரும் சம்பந்தரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். இன்று நாம் காணும் கோபுரங்களும் மண்டபங்களும் ஒரே காலத்தில் எழுந்தவையல்ல. பல நூற்றாண்டுகளில் பெயரறியாத பல சிற்பிகளின் கைகளால் வளர்ந்தவை. இக்கோயில் தருமபுரம் ஆதீனத்தின் ஆளுகைக்கு உட்பட்டது.

கோயிலின் அமைப்பே நோயாளியை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது போலத் தோன்றுகிறது. மூலவர் வைத்தியநாதர் மேற்கு நோக்கியும், அம்மை தையல்நாயகி தெற்கு நோக்கியும் எழுந்தருளியுள்ளனர். தூண் மண்டபம் சூழ்ந்த சித்தாமிர்த தீர்த்தத்தில் நோயாளி நீராடுகிறான். தலமரமாகிய வேம்பினை வணங்குகிறான். சடாயு குண்டத்துச் சாம்பலோடு மண்ணும் தீர்த்தமும் கலந்து உருட்டிய திருச்சாந்து உருண்டையை மருந்தென்று பெறுகிறான். செல்வ முத்துக்குமாரசுவாமி, தன்வந்திரி, தோல்நோய் நீங்கப் பெற்றதாகக் கதை கூறும் அங்காரகன் ஆகியோருக்கும் இங்கே சந்நிதிகள் உண்டு. இந்த முத்துக்குமாரசுவாமிமீதே 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பிள்ளைத்தமிழ் பாடினார்.

அடியார் செலுத்தும் காணிக்கைகளை நோக்குக. உப்பும் மிளகும் கொட்டுகின்றனர்; வெல்லத்தைக் குளத்திற் கரைக்கின்றனர். வெல்லம் கரைவது போல நோயும் கரையும் என்பது கருத்து. கண், கை, கால் ஆகியவற்றின் உருவங்களை வெள்ளித் தகட்டிற் செய்து உண்டியலில் இடுவோரும் உளர். உப்பும் மிளகும் ஏழையின் அடுக்களையில் உள்ளவை. அத்தகடுகளோ, எந்த உறுப்பு நொந்தது என்பதைச் சொல்லும் மௌன சாட்சியங்கள். அரசரின் கொடைகளைக் கல்வெட்டுகள் கூறும்; மக்களின் வலியை இத்தகடுகளே கூறும்.

தலபுராணக் கதையும் சிந்தனைக்குரியது. முருகன் நடத்திய போரிலே காயமுற்ற வீரரைக் குணப்படுத்த இறைவன் மருத்துவனாக வந்தான் என்றும், அம்மை தைலப் பாத்திரம் ஏந்தி உடன் வந்தாள் என்றும் அது கூறும். இறைவன் தீர்க்கும் நோய்களின் தொகை 4,448 என்பது மரபு. தைலம், மண், சாம்பல், வேம்பு, நீர் ஆகியவை நாட்டு வைத்தியன் அன்றாடம் கையாண்ட பொருள்களே. மக்கள் தமது அனுபவத்தால் திரட்டிய மருத்துவ அறிவு, இங்கே தெய்வத்தின் கைக்கு மாற்றப்பட்டிருக்கிறது எனலாம்.

கோயிலுக்கும் மருத்துவத்திற்கும் இருந்த உறவு புராணத்தோடு நின்றுவிடவில்லை. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டொன்று உள்ளது. வீரசோழன் என்னும் பெயர் தாங்கிய ஆதுலசாலை ஒன்றை அது விவரிக்கிறது. அங்கே 15 நோயாளர் தங்க இடமிருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் ஆகியோர் பணியாற்றினர். சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய ஏற்பாடு இருந்தமை எமக்குப் பெருமை தருவதே.

ஆனால் பெருமையோடு நின்றுவிடுதல் வரலாற்று நோக்காகாது. இந்த ஆதுலசாலை யாருக்காக இயங்கியது? கோயிலைச் சார்ந்த வேதக் கல்லூரியின் மாணவருக்கும், கோயிற் பணியாளருக்குமே அது இயங்கியது. அதன் செலவைத் தாங்கியது கோயிலுக்குரிய வருவாய். அவ்வருவாயைத் தந்தது நிலம். அந்நிலத்தை உழுதவனுக்கு அங்கே படுக்கை ஒதுக்கப்பட்டதாகக் கல்வெட்டிற் குறிப்பில்லை. உழைப்பாளிக்கு ஆதுலசாலை எட்டாதபோது, ஆண்டவனே வைத்தியனாக வரவேண்டியிருந்தது.

அந்த ஆண்டவனையும் எல்லோரும் அணுக முடிந்ததா? காவிரிப் படுகையின் வயல்களிலே சேற்றில் நின்று, புண்ணும் காய்ச்சலும் அனைவரினும் மிகுதியாக அனுபவித்த ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பெருங்கோயில்களின் கதவுகள் அடைத்தே கிடந்தன. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிய பின்னரே அவர்களது உரிமை சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. நோய் சாதி பார்க்கவில்லை. நோய் தீர்க்கும் சந்நிதி சாதி பார்த்தது.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒல்லாந்தர் ஆட்சியின்போது, வைத்திலிங்கச் செட்டியார் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் எழுப்பிய கோயிலிலும் அதே வைத்தீசுவரரும் தையல்நாயகியுமே வீற்றிருக்கின்றனர். தெய்வம் கடல் கடந்தது போலவே தீண்டாமையும் இங்கே நிலைத்திருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட நேர்ந்தமையை யார் மறக்க வல்லார்?

நோய்களின் கதை இன்று மாறியுள்ளது. மனித குலத்தை வாட்டிய பெரியம்மை ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்பட்டது. தீராத சாபமென அஞ்சப்பட்ட தொழுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்து வழங்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் விதந்துரைத்தது. இவை விஞ்ஞானமும் பொதுச் சுகாதார ஊழியரின் அயரா உழைப்பும் ஈட்டிய வெற்றிகள். எனினும் வைத்தீசுவரன் கோயிற் குளத்தில் வெல்லம் கரைவது நிற்கவில்லை. மருந்துக்குப் பணமில்லாதவனும், மருத்துவன் கைவிட்டவனும், ஆறுதல் தேடுபவனும் இன்றும் அங்கே செல்கின்றனர். அவர்களைப் பேதையரென இகழ்தல் எளிது. அவர்கள் வாழும் நிலையை மாற்றுதலே அரிது.

ஆகவே, இக்கோயிலிலிருந்து நாம் பெறத்தக்க செல்வம் எது? கல்லைச் செதுக்கிய உளியின் திறமும், வேம்பின் குணமறிந்த வைத்தியனின் அறிவும், பிறர் நோய் தீரவேண்டுமென்ற அறவுணர்வும் நமக்குரியவை. அவற்றைச் சிலர்க்கே உரியனவாக்கிய வேலிகள் நமக்கு வேண்டா. 15 படுக்கைகளைக் கல்லிற் பொறித்தமைக்காகச் சோழனை மெச்சும் நாம், பதினாறாவதாக வந்து வாசலில் நின்றவனையும் நினைத்தல் வேண்டும். அவனுக்கும் இடமளிக்கும் மருத்துவமனையே நம் காலம் எழுப்பவேண்டிய கோயில்.