உடுவில் இல்லம்: ஸ்போல்டிங் தம்பதியரின் முதுமைக்கால ஊழியம்

திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூர், குஜிலியம்பாறை எனப் பரந்து கிடக்கும் மானாவாரி நிலப்பரப்பில் சீர்திருத்தத் திருச்சபைகளின் பணி வரலாற்றை எழுதப் புகுவோர், பெரும்பாலும் 1835ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அமெரிக்கன் மதுரை மிஷன் திண்டுக்கல்லைத் தன் நிலையங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது அவ்வாண்டில்தான். சற்றுப் பின்னோக்கிச் செல்வோர் 1834ஐயும் மதுரையையும் குறிப்பிடுவர். ஆயினும் இவ்வரலாற்றின் முதல் அதிகாரம் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து உடுவில் என்னும் சிற்றூரின் ஒரு மிஷன் வீட்டிலேயே எழுதப்பட்டது. அவ்வீட்டில் வாழ்ந்து முதிர்ந்த லீவை ஸ்போல்டிங், மேரி தம்பதியரைப் பற்றி நம் சபையார் அறிந்திருப்பது மிகச் சொற்பமே.

1819 ஜூன் மாதத்தில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்னும் கப்பல் நான்கு மிஷனெரிக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஸ்கடர், வின்ஸ்லோ, உட்வர்ட், ஸ்போல்டிங் ஆகியோர் தத்தம் துணைவியருடன் வந்தனர். முதல் மூவரின் முடிவையும் ஈண்டுக் கூறிவிடலாம். உட்வர்ட் 1834இல் கோயம்புத்தூரில் மறைந்தார். ஸ்கடர் 1855இலும் வின்ஸ்லோ 1864இலும் தென்னாப்பிரிக்க முனையில் காலமாயினர். ஸ்போல்டிங்கும் அவர் மனைவியுமே தாங்கள் வந்திறங்கிய நாட்டில் இறுதிவரை தங்கினர். மானிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் பணியாற்றிய பின்னர் 1833இல் அவர்கள் உடுவிலுக்கு வந்தனர். அங்கே பெண்கள் விடுதிப் பள்ளியை 1824இல் நிறுவிய ஹேரியட் வின்ஸ்லோ அம்மையார் அவ்வாண்டின் தொடக்கத்தில் காலமானமையால், அப்பள்ளியின் பொறுப்பு இவர்கள்மேல் விழுந்தது.

மறு ஆண்டு ஜனவரியில் ஸ்போல்டிங் கடல் கடந்து மதுரைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் புதிய அமெரிக்க மிஷனெரிகள் குடியேறுவதற்குப் பிரித்தானிய அரசு நெடுங்காலம் தடை விதித்திருந்தது. அத்தடை அப்போதுதான் நீங்கியிருந்தது. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளிலும் அயல்நாட்டினர் தங்குவதை எளிதாக்கியது. வாயில்கள் திறந்த அவ்வேளையில் தமிழகத்தின் உட்பகுதியைப் பார்வையிட வந்தவர் இவரே. அவர் தந்த நம்பிக்கையின் பேரில் அவ்வாண்டு ஜூலையில் ஹோய்சிங்டனும் டாட்டும் மதுரையில் பணி தொடங்கினர். இம்முயற்சிக்குப் பெண்கள் கொடுத்த விலையையும் நாம் மறத்தல் ஆகாது. டாட்டின் மனைவி லூசி 1835இல் மரித்தார். பின்னர் அவர் உட்வர்டின் விதவையாகிய கிளாரிசாவை மணந்தார். அந்த அம்மையாரும் 1837இல் மறைந்தார்.

ஸ்போல்டிங் மதுரைச் சாலைகளில் பயணம் செய்த நாட்களில் உடுவில் பள்ளி மூடிக் கிடந்ததா? இல்லை. பிள்ளைகள் எழுந்தனர், படித்தனர், தையல் பழகினர், ஜெபித்தனர், உண்டனர், உறங்கினர். அவ்வளவையும் கண்காணித்தவர் மேரி அம்மையார். ஆயினும் அவரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு மிஷனெரிகளின் மனைவியரைத் ‘துணை மிஷனெரிகள்’ என்ற தலைப்பின் கீழேயே வகைப்படுத்தியிருந்தது. ஆணின் பயணம் அறிக்கையாயிற்று. பெண்ணின் அன்றாடம் அறிக்கைக்கு அடிக்குறிப்பாகவும் ஆகவில்லை. இவ்விடத்தில்தான் நம் திருச்சபை வரலாற்றெழுத்து தடுமாறுகிறது என்பது என் எண்ணம்.

அந்த அன்றாடம் எளிதானதன்று. பெண்பிள்ளை ஏடு பிடிப்பது இழுக்கு எனக் கருதிய சமுதாயத்தில், மகளை மிஷன் வீட்டில் விட்டுச் செல்லப் பெற்றோரை இணங்கச் செய்வதே பெரும்பாடாயிருந்தது. உணவும் உடையும் இலவசமாகத் தரப்பட்டன. கல்வியை முடிக்கும்வரை பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்வதில்லை எனப் பெற்றோர் உடன்பட வேண்டும். முறைப்படி பயின்று மணம் முடிக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. நன்கொடையாளர்களாகிய அமெரிக்கர்களின் பெயர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. இவற்றை இன்று வாசிக்கையில் நமக்குக் கூச்சம் உண்டாகிறது, உண்டாகவும் வேண்டும். ஆறுமுக நாவலர் போன்றோர் மிஷன் பள்ளிகளை எதிர்த்துச் சைவப் பள்ளிகளை நிறுவியமைக்கு இத்தகைய காரணங்களும் உண்டு. எனினும் சில பத்தாண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. இருந்த இடங்களுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. கற்ற பெண்ணை மனைவியாக விரும்பும் ஒரு தலைமுறை வட்டுக்கோட்டை செமினரியில் உருவாகியிருந்தது.

1844இல் தம்பதியர் ஒரே ஒரு முறை தாய்நாடு சென்றனர். அப்போது அவருக்கு வயது 50ஐக் கடந்திருந்தது. அம்மையார் ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் அங்கேயே தங்கியிருப்பினும் எவரும் குறை கூறியிரார். ஆயினும் திரும்பி வந்தனர். நம் ஆய்வுக்குரிய காலம் இதன் பின்னரே தொடங்குகிறது: ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நீடித்த முதுமை.

அக்காலத்தில் வீட்டுத் திண்ணையும் பள்ளி முற்றமும் சிற்றாலயமுமே அவர்களது உலகம். அவர்கள் வந்த தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கக் கடிதம் ஒன்று நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. மிஷனெரிகள் தம் பிள்ளைகளை வளரும் பருவத்திலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுதல் யாழ்ப்பாண மிஷனின் பொது வழக்கம். பிறர் பிள்ளைகள் நிறைந்த வீட்டில் சொந்தப் பிள்ளைகள் இன்றி வாழ்ந்த பெற்றோர் பலர் அம்மிஷனில் இருந்தனர்.

ஸ்போல்டிங்குக்கு எழுத்துப்பணி துணையாயிற்று. நைட் தொடங்கிவைத்த சொற்றொகுப்பு வேலையை அவர் ஏற்றார். சந்திரசேகர பண்டிதர் முதலிய தமிழறிஞரின் உழைப்பினால் 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இல் வெளிவந்தது. வேதாகமத் திருத்தத்திலும் அவர் பங்குகொண்டார். பனியனின் மோட்சப் பிரயாண நூலையும் தமிழாக்கினார். அவர் பெயர் நிலைத்திருப்பது இவற்றால்தான். மேரி அம்மையாருக்கு அத்தகைய நூல் எதுவும் இல்லை. அவர் பயிற்றுவித்த பெண்கள் இல்லத்தரசிகளாயினர், ஆசிரியைகளாயினர், உபதேசிமாரின் மனைவியராயினர். நூலட்டவணையில் அவர்களைத் தேடிக் காண இயலாது.

1840இல் எலிசா ஆக்னியூ அம்மையார் வந்து பள்ளியின் தலைமையை ஏற்றபோது மேரி ஒதுங்கிக்கொண்டார் எனக் கருதுதல் தவறு. தலைமையை இளையவரிடம் ஒப்புவித்து அதே வளாகத்தில் அதே பணியில் தொடர்வது அரிய பண்பு. நம் சபைகளில் ஓய்வுபெற்ற ஆயருக்கும் புதிய ஆயருக்கும் இடையே நிகழ்வனவற்றை அறிந்தோர் இதனை உணர்வர். 1855இல் ரூஃபஸ் ஆண்டர்சன் குழு வந்து வட்டுக்கோட்டை செமினரியை மூடச்செய்து, உடுவிலிலும் ஆங்கிலக் கல்வியைக் குறைத்தது. முதியோர் கட்டியெழுப்பியதில் ஒரு பகுதி அவர்கள் கண்முன்னே கலைக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் உடுவிலை விட்டு அகலவில்லை.

இன்று அயல்நாட்டாரை எதிர்பார்த்திருக்கும் திருச்சபை அன்று நம்முடையது. 1903இல் திருநெல்வேலியில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம் முதல் எத்தனையோ இயக்கங்களின் வழியாகத் தமிழ்க் குடும்பங்கள் வடநாட்டுக் காடுகளுக்கும் மலைகளுக்கும் சென்றுள்ளன. அவர்களுள் முதுமை எய்தியோரின் அன்றாட வாழ்வை யார் குறித்து வைக்கிறார்கள்? அறிக்கையில் கணவர் பெயரும் ஞானஸ்நான எண்ணிக்கையும் வருகின்றன. மொழி பயிலாத அயலூரில் சந்தைக்குச் சென்று, நோயுற்ற அண்டை வீட்டாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த மனைவியின் பெயர் இன்றும் ‘திருமதி’ என்னும் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது.

லீவை ஸ்போல்டிங் 1873 ஜூன் மாதத்தில், தம் 81ஆம் வயதில் உடுவிலில் காலமானார். நீராவிக் கப்பல்களும் சூயஸ் வழியும் வந்துவிட்ட காலம் அது. அமெரிக்கா முன்போல் எட்டாத் தொலைவன்று. மேரி அம்மையார் போகவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த நாட்டிலேயே தங்கி 1874இல் அவரும் மறைந்தார். பள்ளி அப்போதும் நடந்துகொண்டிருந்தது.