காலியாகும் கை

சீட்டுக்கட்டு வித்தை சொல்லித்தரும் டிவிடி ஒன்றை அமெரிக்காவில் ஒருவர் 30 டாலர் கொடுத்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் பார்த்துப் பழகுகிறார். பிறகு அதைக் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அசலை ஈபேயில் 15 டாலருக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவரும் அதையே செய்கிறார். அவருக்கு அடுத்தவரும். ஒரே ஒரு வட்டு ஊர் சுற்றுகிறது. போன வீட்டிலெல்லாம் ஒரு குட்டி போட்டுவிட்டுப் போகிறது.

இதில் தப்பு எங்கே நடந்தது? விற்றதிலா, நகலெடுத்ததிலா, நகலை வைத்துக்கொண்டதிலா? கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான வழக்குகள் இருக்கின்றன.

முதலில் விற்பது. 1904இல் பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலை வெளியிட்டது. உள்ளே ஒரு அறிவிப்பு: விலை ஒரு டாலர், அதற்குக் குறைவாக விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும். நியூயார்க்கின் மேசிஸ் கடைக்காரர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908இல் தீர்ப்பு வந்தது: ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மீது பதிப்பாளருக்கு இருந்த விற்பனைக் கட்டுப்பாடு முடிந்துபோகிறது. அடுத்து யார், என்ன விலைக்கு விற்பது என்று அவர் சொல்ல முடியாது. அடுத்த வருஷமே இது சட்டத்திலும் ஏறியது. முதல் விற்பனைக் கோட்பாடு என்கிறார்கள். அமெரிக்காவின் பழைய புத்தகக் கடை, வீடியோ வாடகைக் கடை, ஈபேயில் பழைய டிவிடி எல்லாம் நிற்பது இதன் மேல்தான். ஆகவே நம்ம ஆள் விற்றதில் தப்பே இல்லை.

இந்தக் கோட்பாடு வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதை யாரும் சட்டத்தில் எழுதவில்லை, எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. புத்தகத்தை விற்றால் கை காலியாகிவிடும். உலகத்தில் பிரதிகளின் எண்ணிக்கை கூடாது. நாவலைப் பார்த்துக் கையால் எழுதி வைத்துக்கொண்டு அசலை விற்கும் பொறுமை 1908இல் யாருக்கு இருந்திருக்கும்?

அந்தப் பொறுமையை இயந்திரம் கொண்டுவந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டரை எதிர்த்து யுனிவர்சலும் டிஸ்னியும் 1976இல் வழக்குப் போட்டன. 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி தப்பித்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து, பிறகு நேரம் கிடைக்கும்போது பார்ப்பது நியாயமான பயன்பாடு என்றது உச்ச நீதிமன்றம். ‘வீட்டில் நகலெடுக்கலாம்னு கோர்ட்டே சொல்லியாச்சு’ என்று பலர் இதைச் சுருக்கிவிடுகிறார்கள். அது சொன்னது அவ்வளவு அகலமில்லை. பதிந்ததைச் சேமித்து நூலகம் கட்டுவது பற்றியோ, அசலை விற்பது பற்றியோ அது முடிவு சொல்லவில்லை.

டிவிடி 1997இல் அமெரிக்காவுக்கு வந்தபோது ஸ்டுடியோக்கள் சிஎஸ்எஸ் என்ற 40 பிட் பூட்டுடன் வந்தன. 1998இல் வந்த டிஎம்சிஏ சட்டம் பூட்டை உடைக்கும் கருவிகளை விற்பதைத் தடை செய்தது. 1999இல் டீசிஎஸ்எஸ் என்ற குட்டி நிரல் பூட்டைத் திறந்தது. அதற்காக விசாரிக்கப்பட்ட நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சனை அந்நாட்டு நீதிமன்றங்கள் 2003இல் விடுவித்தன: காசு கொடுத்து வாங்கிய படத்தைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் கதை வேறு. டிவிடி எக்ஸ் காப்பி என்ற நகலெடுக்கும் மென்பொருளை விற்ற 321 ஸ்டுடியோஸ் நிறுவனம் 2004இல் வழக்கில் தோற்று அதே வருஷம் மூடப்பட்டது.

ஆனால் வித்தை டிவிடியில் பெரும்பாலும் அந்தப் பூட்டே இருக்காது. கடையில் கிடைக்கும் சாதாரணக் காலி டிவிடி-ஆர் வட்டில் சிஎஸ்எஸ் சாவியை எழுத முடியாது. அந்த இடம் முன்பே அடைக்கப்பட்டிருக்கும். வீட்டிலேயே வட்டு எரித்து விற்கும் வித்தைக்காரருக்கோ பின்னல் ஆசிரியைக்கோ பூட்டு எட்டாத பொருள். அங்கே பூட்டுச் சட்டம் செல்லாது. மிஞ்சுவது வெறும் பதிப்புரிமையும் வாங்குபவரின் மனசாட்சியும்தான்.

மென்பொருளுக்கு இந்தச் சிக்கலை 1980லேயே அமெரிக்கச் சட்டம் தீர்த்துவைத்திருந்தது. நிரலை வாங்கி உடைமையாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். அசலைக் கைமாற்றினால் நகலும் கூடவே போக வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும். அதாவது கை காலியாக வேண்டும். படத்துக்கு அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. இருந்தாலும் தர்க்கம் அதேதான். ‘என் வட்டு, என் நகல்’ என்ற வாதத்துக்கு ஏதாவது பலம் இருந்தால் அது ‘என் வட்டு’ என்பதிலிருந்து வருகிறது. வட்டை விற்ற நிமிஷமே அதுவும் போய்விடுகிறது.

வரலாறு இங்கே ஒரு குறும்பு செய்கிறது. 2011இல் தொடங்கிய ரீடிஜி என்ற நிறுவனம் பழைய எம்பி3 கோப்புகளை மறுவிற்பனை செய்யப் பார்த்தது. விற்பவரின் கணினியிலிருந்து கோப்பு மேலே ஏற ஏற, அங்கே அழிந்துகொண்டே வரும். கை உண்மையிலேயே காலியாக வேண்டும் என்று மெனக்கெட்டு எழுதிய நிரல். 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைக் கைவிட்டது: கோப்பு இடம் மாறும்போது புது நகல் உருவாகிறது, அது மீறல். வட்டை விற்றுவிட்டு நகலை ரகசியமாக வைத்திருப்பவரின் விற்பனை செல்லும். எதையும் வைத்துக்கொள்ளாமல் கோப்பை விற்றவரின் விற்பனை செல்லாது.

நம்ம ஊர்ச் சட்டம் இன்னும் கறாராக இருந்தது. 2012 வரை, முன்பே விற்கப்பட்ட பிரதியானாலும் படத்தை விற்கவும் வாடகைக்கு விடவும் உரிமை தயாரிப்பாளருக்கே என்றது. வெளிநாட்டில் முறையாக வாங்கிய டிவிடிகளை வாடகைக்கு விட்ட கடைக்கு 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது இதை வைத்துத்தான். ‘முன்பே விற்கப்பட்டிருந்தாலும்’ என்ற அந்தச் சொற்றொடரை 2012 திருத்தம் நீக்கியது.

இப்போது சீட்டு வித்தைகூட ஸ்ட்ரீமிங்கில் வருகிறது. சந்தா நின்றால் நம் கையில் எதுவும் இல்லை. விற்பதற்கும் இல்லை, தம்பிக்குக் கொடுப்பதற்கும் இல்லை. பழைய வட்டைக் கைமாற்றும் சுதந்திரம் அநேகமாகக் கடைசித் தலைமுறையில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற ஆசைப்படுபவர்கள் அதன் சின்ன விலையையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. வட்டை உறையில் போட்டு முகவரி எழுதும் முன், கணினியில் இருக்கும் கோப்பை அழித்துவிடுவது. யாரும் சோதிக்கப்போவதில்லை. 1908இலும் அந்த விதியைக் காப்பாற்றியது சோதனை அல்ல.